தங்கச்சிமடத்துப் பழைய குடோனில் ஹெவி ராக்: பாட்டின் வார்த்தை கேட்க என்ன செய்யலாம்?

வடகடல் பேஸ் எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

நாங்கள் நாலு பேர். பாடுகிறவன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். டிரம்ஸ் வாசிப்பவன் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவன். கிட்டார் வாசிக்கும் தம்பிக்குப் பாம்பனில் வெல்டிங் பட்டறையில் வேலை. நான் பேஸ் கிட்டார். ஹெவி ராக்தான் வாசிக்கிறோம், ஆனால் பாட்டெல்லாம் தமிழில், பாடுகிறவனே எழுதியது.

போன மாதம் தங்கச்சிமடம் கடற்கரையை ஒட்டி ஒரு பழைய கருவாட்டுக் குடோனில் முதல் நிகழ்ச்சி நடத்தினோம். 28 அடி அகலம், 50 அடி நீளம் இருக்கும். சுற்றிலும் பூசிய சுவர், சிமெண்ட் தரை, மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு நாள் கழுவிவிட்டும் கருவாட்டு வாசம் போகவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவும் இல்லை. எண்பது பேர் போல வந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள், மண்டபம், உச்சிப்புளியில் இருந்தும் சிலர் பைக்கில் வந்தார்கள்.

அந்த இரவு எனக்கு மறக்காது. மேடை என்று ஒன்றும் கிடையாது, தரையிலேயே நின்றோம். முன்னால் நின்ற பையனின் முழங்கை என் கிட்டாரின் தலையில் இடித்துக்கொண்டே இருந்தது. முதல் பாட்டின் முதல் அடியிலேயே தகரக் கதவு அதிர்ந்தது. அப்போது எழுந்த கூச்சலில் என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. கிட்டார், பேஸ், மைக் எல்லாம் செத்துவிட்டன. டிரம்ஸ்காரன் நிறுத்தவில்லை. அந்த இருட்டில் அவன் அடித்துக்கொண்டே இருந்தான், சனம் கை தட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அதே தாளத்தில் உள்ளே நுழைந்தோம். இதெல்லாம் பெரிய மைதானத்தில் நடக்காது. பத்தடி தூரத்தில் ஆட்கள் நின்றதால்தான் நடந்தது.

ஆனால் பாட்டின் வார்த்தை ஒன்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டு, அவன் அப்பா கடலில் போய்த் திரும்பாததைப் பற்றியது. அதற்காகத்தான் அவன் அம்மாவை அழைத்து வந்து பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். முடிந்ததும் அவர் சொன்னார்: "சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து இடிச்சுச்சு தம்பி. ஆனா அவன் என்ன சொன்னான்னுதான் ஒண்ணும் வெளங்கல." அவன் அதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

மைக்கை ஏற்றச் சொன்னால் ஊளையிட்டது. வாடகைக்கு வந்த செட்காரர் கல்யாணத்துக்குப் போடுகிற இரண்டு பாக்ஸ்களை எங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் பேஸ் சத்தமும் ஒரே சீராக இல்லை. சுவர் ஓரம் நின்றவர்கள் "வயிறு கலங்குது" என்றார்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றவர்கள் "நீ வாசிச்சியா?" என்று கேட்டார்கள். கிட்டார் தம்பி பின்பாட்டுப் பாட மைக்கில் உதட்டை வைத்தபோது இரண்டு தடவை ஷாக் அடித்தது.

தடைக்காலம் தொடங்கியதும் மறுபடி அதே குடோனில் நடத்தப் போகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, பையன்கள் கரையில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது என்பதால் டிக்கெட் கிடையாது. எங்களிடமும் பெரிதாகப் பணம் இல்லை. இருப்பதை வைத்து அந்த மூன்றாவது பாட்டு கடைசி நாற்காலி வரை கேட்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

---

மைக்செட் மண்டபம் எழுதியது:

தம்பி, நான் இந்தக் கரையில் பல வருடமாக மைக் செட் போடுகிறவன். சந்தனக்கூடு, தேர், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். ராக் கச்சேரிக்கும் சில தடவை போட்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலை. அது தெரியாமல் செட் போட்டால் நீ சொன்னதுதான் நடக்கும்.

முதலில் ஷாக் விஷயம். வார்த்தை கேட்காவிட்டால் மனசுதான் வலிக்கும், இதில் உயிர் போகும். 1972இல் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி என்ற ஊரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாததுதான் காரணம். உங்கள் தம்பிக்கு நடந்தது அதன் சின்ன வடிவம். கிட்டார் கம்பி ஆம்ப் என்கிற ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, மைக்கோ மிக்ஸர் என்கிற ஒலிக் கலப்புப் பெட்டியின் எர்த்தோடு. இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் கைக்கும் உதட்டுக்கும் இடையில் இருக்கிற ஆள் வழியாகத்தான் அது ஓடும்.

செய்ய வேண்டியது: ஆம்ப், மிக்ஸர், பாக்ஸ் எல்லாம் ஒரே போர்டில் இருந்து, ஒரே ஃபேஸில். மூன்றாவது பின்னை உடைத்த பிளக் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. நம் பக்கம் மேல்மணல் காய்ந்து கிடக்கும், அதில் நாலு அடிக் கம்பியை நட்டுவிட்டு எர்த் போட்டாச்சு என்பார்கள். ஈரம் தட்டுகிற ஆழம் வரை இறங்க வேண்டும். மின்கசிவு வந்ததும் கரண்டை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போர்டில் மாட்டச் சொல். கடைசியாக, ஆட்டம் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் இன்னொரு முனையை மைக் வலையிலும் வை. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஏறிக் காட்டினால் யாரும் பாட வேண்டாம், சரி செய்த பிறகு பாடலாம்.

சரி, இனி வார்த்தைக்கு வருவோம்.

தெருவில் ஹாரன் கட்டுகிறபோது மைக்கோடு போட்டி போட ஒருவரும் இல்லை. உன் குடோனில் போட்டியே மைக்குக்கும் டிரம்ஸுக்கும்தான். ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை ஓங்கி அடித்தால் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும், எந்த பாக்ஸும் இல்லாமலே. மைக் இல்லாமல் பாடுகிற குரல் அதற்கு அடியில் மூழ்கிவிடும். டிரம்ஸ் சத்தத்தில் தன் சத்தம் கேட்கவில்லை என்று கிட்டார்காரர் ஏற்றுவார், அவருக்காக நீ ஏற்றுவாய், உங்களுக்காக டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்குவார். குரல் மட்டும் அடியிலேயே கிடக்கும், ஏனென்றால் அதற்கு ஊளை என்று ஓர் எல்லை உண்டு. மற்ற எதற்கும் எல்லை இல்லை.

அதனால் வரிசையை மாற்று. எல்லோரும் டிரம்ஸில் தொடங்குவார்கள், நீ குரலில் தொடங்கு. வெறும் ஹாலில் பாடுகிறவரை மட்டும் நிற்க வைத்து மைக்கை ஏற்று. ஊளை தொடங்குகிற இடம் வரும். அதிலிருந்து கொஞ்சம் இறக்கி வை. அதுதான் உன் ஹாலில் குரலுக்குக் கிடைக்கும் உச்சம். இனி டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் அதற்குக் கீழேதான் உட்கார வேண்டும். டிரம்ஸுக்குத் திருப்பிக் குறைக்கிற குமிழ் கிடையாது. ஆகவே மெல்லிய குச்சி, காலால் அடிக்கிற கிக் டிரம்முக்குள் ஒரு பழைய கம்பளி, ஸ்னேர் தோலில் ஒரு துண்டுத் துணி ஒட்டு. மூலையில் வைக்காதே, மூலை சத்தத்தைப் பெருக்கும். சிம்பல் தட்டை நிதானமாக அடிக்கச் சொல். இந்தச் சின்ன ஹாலில் பாட்டு மைக்குக்குள் அதிகமாகப் புகுவது சிம்பல்தான். பாடுகிறவர் வாய் திறக்காத நேரத்திலும் அந்த மைக் சிம்பலை எடுத்து பாக்ஸில் கொட்டிக்கொண்டிருக்கும்.

பாக்ஸைப் பின்னால் வைத்தது பெரிய தப்பு. பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், இரண்டு ஓரத்திலும், ஆள் தலைக்கு மேல் உயர்த்தி. பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கிற மானிட்டர் பாக்ஸ் ஒன்று கிடைத்தால் அதை மைக்கின் வாலுக்கு நேர் எதிரே தரையில் வை. எஸ்எம்58 மாதிரி மைக்குகளுக்குப் பின்பக்கம் காது மந்தம், அந்தப் பக்கத்தில் இருந்து வரும் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது. பாடுகிறவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவரா? ராக் பாடுகிற பையன்கள் நிறையப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். பொத்தினால் பின்பக்கக் காதும் திறந்துவிடும், உடனே ஊளையிடும். தண்டைப் பிடிக்கச் சொல். வாய் மைக்கை முட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், ஒரு பைசா செலவில்லாமல்.

இப்போது உன் பேஸ். 28 அடி அகலம் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உன் தடித்த கம்பியின் ஈ சுரம் 41 ஹெர்ட்ஸ். நம் ஊர்ச் சூட்டில் சத்தம் நொடிக்கு 350 மீட்டர் ஓடும். வகுத்துப் பார், ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 28 அடி. அலையும் ஹாலும் ஒரே அகலம். சுவரில் மோதித் திரும்பி வருவது போவதோடு சேர்ந்து, இரண்டு சுவர் ஓரத்திலும் நட்ட நடுவிலும் எகிறும், சுவரில் இருந்து ஏழு அடி தள்ளிய இடத்தில் மடிந்துவிடும். "நீ வாசிச்சியா" என்று கேட்டவர்கள் அந்த ஏழடியில் நின்றிருப்பார்கள். உன் பேஸ் ஆம்பைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் அந்த ஏழடிக் கோட்டுக்கு நகர்த்து, அங்கிருந்து அந்த அலையைத் தூண்டுவது கஷ்டம். அப்புறம் 40 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் வெட்டு. குரல் மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடு, அங்கே வார்த்தை கிடையாது, குமுறல்தான் உண்டு.

சுவருக்கு வலையைத் தொங்கவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கண்ணி வழியாகச் சத்தம் போய்விடும். பழைய மெத்தை, தடித்த ஜமக்காளம், கோணிச் சாக்கு நாலைந்து மடிப்பு, இவற்றைப் பின்சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டு. அந்த அம்மா உட்காருகிற பக்கம் முதலில் கட்டு.

---

தொண்டிக்காரி எழுதியது:

கேட்க வருகிறவர்கள் பக்கத்தில் இருந்தும் யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகா வாசித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனோடு போனேன். அழுதுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் வாசிப்பவர்களின் விரலை நான் பார்க்கவில்லை, திரையில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு சென்னையில் ஒரு மாடி அறையில், ஐம்பது பேருக்கு மேல் கொள்ளாத இடத்தில் ஒரு குழுவைக் கேட்டேன். கிட்டார்காரர் ஒரு சுரத்தை இழுக்கும்போது அவர் பல்லைக் கடிப்பது தெரிந்தது. டிரம்ஸ்காரர் அடுத்த பாட்டுக்கு முன் மூச்சு வாங்குவது கேட்டது. ஹெவி ராக்கை அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். நம் கரையில் அப்படி ஓர் இடம் வருகிறது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

அதனால் கேட்கிறேன் தம்பி, உன் குடோனில் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள்? பாடுகிறவரின் அம்மாவைத் தவிர நீ யாரையும் எழுதவில்லை. எங்களுக்கும் இந்த இசை பிடிக்கும். வர முடியாததற்குக் காரணம் சத்தம் இல்லை. வாசலில் வெளிச்சம் இல்லாதது, கழிப்பறை இல்லாதது, எப்போது முடியும் என்று தெரியாதது, கடைசிப் பேருந்து. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள். ஒரு பக்கச் சுவர் ஓரமாக இடித்துக்கொள்ளாமல் நிற்க ஓர் இடம் விடுங்கள், பெஞ்சு போட்டு மறித்தால் போதும். குதிக்கிறவர்கள் நடுவில் குதிக்கட்டும்.

எட்டரை என்று சொல்வதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை பொதுவாகத் திறந்த வெளியில் போடக் கூடாது. உங்கள் ஷீட் கூரைக் குடோனை மூடிய அரங்கம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் கிடையாது, விடியுமுன் எழுந்து போகிறவர்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தால் அடுத்த நிகழ்ச்சி நடக்காது.

இன்னொன்று, காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான், மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகிவிடும். உங்கள் ஊர்ப் பையன்களில் பலர் ஏற்கெனவே விசைப்படகு இன்ஜினுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் இருக்கிறவர்கள். அவர்கள் காது ஏற்கெனவே அடிபட்டிருக்கும். மருந்துக் கடையில் நுரை அடைப்பான் மலிவாகக் கிடைக்கும். ஒரு டப்பா வாங்கி வாசலில் வையுங்கள். பஞ்சு வைத்தால் பயனில்லை. சின்னப் பிள்ளைகளைப் பாக்ஸுக்கு முன்னால் நிற்க விடாதீர்கள்.

---

ஆறு கம்பி எழுதியது:

நான் ஏர்வாடிக்காரன், இப்போது சென்னையில் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மைக்செட் அண்ணன் செட் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார். நான் வாசிப்பு பக்கம் மட்டும் சொல்கிறேன்.

வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்ல ஆசை. இந்த இசையே பட்டறையில் இருந்து வந்ததுதான். பிளாக் சபத் குழுவின் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில் எந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைப் பழக்கக்காரர், கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி மாதிரி செய்து விரலில் மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பி போட்டார், அப்புறம் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். 1971 ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு அரை அரைச் சுரமாக மூன்று படி இறக்கியிருக்கிறார். அந்தக் கனத்த சத்தத்தைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டது. தம்பி தீப்பொறி பட்ட கையோடு வாசிக்கிறார் என்றால் அவர் சரியான இடத்தில்தான் நிற்கிறார்.

இனி வார்த்தை. பாடுகிற வரியின் மேல் கிட்டாரை முழுசாக இழுத்து வாசிக்காதீர்கள். சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் குரல் இருக்கிற அதே பகுதியை நிரப்பிவிடும். வரி வரும்போது உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வெட்டி வெட்டி வாசிக்கட்டும், வரி முடிந்ததும் திறந்துவிடட்டும். கேட்பவருக்குக் கனம் குறைந்த மாதிரியே இருக்காது, திறக்கிற இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். மூன்றாவது பாட்டில் அப்பாவைப் பற்றிய முக்கியமான வரிக்கு டிரம்ஸும் கிக் மட்டும் அடித்தால் போதும்.

ஆம்ப் தரையில் இருந்தால் அது முழங்காலுக்குத்தான் வாசிக்கும். தம்பி கேட்கவில்லை என்று ஏற்றுவார், முன்வரிசைக்காரர் காது கிழியும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்துக் கொஞ்சம் சாய்த்து அவர் காதைப் பார்க்கத் திருப்புங்கள். பெரிய ஆம்ப் வாடகைக்கு எடுக்க வேண்டாம். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் 3 டெசிபல்தான் வித்தியாசம், பணம்தான் கூடப் போகும்.

உப்புக் காற்று பற்றியும் ஒரு வார்த்தை. வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் அடியோடு துடையுங்கள், இல்லாவிட்டால் நம் கரையில் ஒரு வாரத்தில் துரு பிடிக்கும். கேபிள் செருகுகிற ஜாக்கில் கரகரப்பு வந்தால் அதுவும் உப்புதான், காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. ஏசி காரில் கிட்டாரைக் கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள், வேர்த்துவிடும். பெட்டியோடு அரை மணி நேரம் இருக்கட்டும்.

---

வடகடல் பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குடோனுக்குப் போய் மைக்செட் அண்ணன் சொன்னதைச் சோதித்துப் பார்த்தோம். நான் ஈ கம்பியை விடாமல் வாசித்தேன், கிட்டார் தம்பி சுவரில் இருந்து நடுவுக்கு நடந்தான். ஏழாவது அடியில் கையைத் தூக்கி "போச்சு, போச்சு" என்று கத்தினான். இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் திரும்பி வந்துவிட்டது. ஆம்பை அந்தக் கோட்டில் சாக்பீஸால் குறித்துவிட்டோம்.

பாடுகிறவன் மைக்கைப் பொத்திப் பிடிப்பவன்தான். தண்டைப் பிடிக்கச் சொன்னதும் முதலில் முகம் சுளித்தான். அப்புறம் குரல் வெளியே வருவதைக் கேட்டுவிட்டு விடவே இல்லை. மூன்றாவது பாட்டில் அந்த வரிக்குக் கிக் மட்டும் வைத்துப் பார்த்தோம். டிரம்ஸ்காரனுக்கே அந்த வரி இப்போதுதான் முழுசாகத் தெரிந்ததாம். இத்தனை நாள் கூடவே வாசித்தவன்.

தொண்டி அக்கா, நீங்கள் சொன்னது சரி. பெண்கள் ஆறேழு பேர்தான் வந்தார்கள், சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். பக்கத்து வீட்டில் கழிப்பறைக்குக் கேட்டாச்சு, அந்த ஆத்தா சரி என்றுவிட்டார். வாசலுக்கு இரண்டு டியூப்லைட் போடுகிறோம். அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுகிறேன்.

அண்ணே, ஒரே சந்தேகம். மேடையை எந்தப் பக்கம் வைப்பது? போன தடவை கடல் பக்கச் சுவரில் நின்றோம், சத்தம் ஊருக்குள் போனதாகச் சொன்னார்கள்.

---

மைக்செட் மண்டபம் எழுதியது:

தெற்குச் சுவரில் நில்லுங்கள், பாக்ஸ் வடக்கே கடலைப் பார்க்கட்டும். கச்சான் காற்று எழும்பிவிட்டால், தென்மேற்கில் இருந்து அடித்துச் சத்தத்தைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். வடக்குக் கதவைத் திறந்தே வை, உள்ளே குமுறலும் குறையும், சனத்துக்குக் காற்றும் வரும்.

மீட்டர் என்னிடம் இருக்கிறது. எர்த் போட நானே வருகிறேன், கூலி வேண்டாம். இரண்டு பேர் மண்வெட்டியோடு இருங்கள். நிகழ்ச்சி அன்று மிக்ஸர் பக்கத்தில் நான் உட்காருகிறேன், டீ அங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிடு.